ஆட்சேபணை: இல்லை

சபைக் குறிப்பேட்டை எழுதுகிறவன் நான்,
பதினெட்டு வருஷமாக.
ஷிரே ஆறு கோயிலுக்குள் ஏறி வந்த வருஷத்தில்
முதல் இரண்டு ஏடுகள் கூழாகிப் போயின.
மிச்சத்தை மாமரத்தடியில் பக்கம் பக்கமாய்க் காயவைத்தோம்.
ஞானஸ்நானப் பெயர்களின் மேல்
கோழி நடந்த தடம் இன்னும் இருக்கிறது.

போன சனிக்கிழமை பிளாண்டயரிலிருந்து
மூன்று பேர் வந்தார்கள்.
வாடகைச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்ததில்
கறுப்புக் கால்சட்டையெல்லாம் செம்புழுதி.
மேய்ப்பரில்லாத எங்கள் சபைக்கு
ஃபைனெஸ் சிம்பிரியை வைக்கலாமா என்று பார்க்க.

கையில் ஒரு படிவம்.
வேதக் கல்வி: இரண்டு வருஷம், தபால் வழி.
பிரசங்கம்: சுமார்
என்று எழுதினேன். 'போதுமானது' என்று மாற்றச் சொன்னார்கள்.
தலைமைப் பண்பு உருவான விதம்:
அதற்கு மட்டும் ஐந்து வரி விட்டிருந்தார்கள்.

அந்த ஐந்து வரியில் என்ன வர வேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
அந்த வெள்ளத்தில் நிவாரண மாவு வந்தது.
பட்டியல் போட்டவள் ஃபைனெஸ்.
எஸ்நாத் தோலேயின் ஆடு
இவளுடைய பூசணிக் கொழுந்தை மேய்ந்து
இருவரும் கிணற்றடியில் கத்திக்கொண்டது
அதற்கு முந்தைய மாதம்.
எண்பத்து மூன்று வீடுகள்.
பட்டியலில் எண்பத்திரண்டு.

நகலெடுத்தவன் நான்.
கண்டேன்.
மூச்சு விடவில்லை.

எஸ்நாத்தின் பிள்ளைகள்
முதலை கிடக்கிற சதுப்பில் இறங்கி
ஆம்பல் கிழங்கு தோண்டித் தின்றார்கள், மூன்று நாள்.
நாலாம் நாள்
தன் வீட்டு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு
முழங்கால் சேற்றில் போனாள் ஃபைனெஸ்.
எஸ்நாத் மாவை வாங்கிக்கொண்டாள்.
வார்த்தையை வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுத்தபின்
ஃபைனெஸ் எழுந்து நின்றாள்.
"ஒரு பெயரை அடித்தேன். பேனாவால்தான்.
உள்ளே ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள்."
யாரோ அவசரமாய் ஒரு பாட்டை எடுத்தார்கள்.
"பாடாதீர்கள்" என்றாள். "கொஞ்சம் இருங்கள்."
இருந்தோம்.
கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம்.
எனக்கு எழுந்திருக்க வேண்டும்போல் இருந்தது.
குறிப்பேட்டைத் திறந்து தேதி எழுதினேன்.

எஸ்நாத் மன்னிக்கவில்லை.
அன்றிலிருந்து கடைசி பெஞ்சு, கதவோரம்.
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில்
செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.
அந்த முகத்தைப் பார்த்துத்தான்
வாராவாரம் ஜெபம் தொடங்கினாள் ஃபைனெஸ், ஏழு வருஷம்.
கண்ணை மூடுவதற்கு முன் ஒருமுறை பார்ப்பாள்.
மருந்தோ விதையோ கொசுவலையோ, எது வந்தாலும்
பட்டியலை முற்றத்தில் வேறொருவர் சத்தமாய்ப் படித்து
"விட்டுப்போன வீடு உண்டா?" என்று
மூன்று தரம் கேட்ட பிறகே
மூட்டை அவிழ்க்க விடுவாள்.
மழைக்காலத்தில் அது எங்களுக்குப் பெரிய தொல்லை.

வந்தவர்களில் மூத்தவர் கேட்டார்:
"ஆட்சேபணை உள்ளவர்கள்?"
கதவோரம் பெஞ்சு நகர்ந்தது.
என் பேனா நின்றது.

"நான் அவளை மன்னிக்கவில்லை" என்றாள் எஸ்நாத்.
"மன்னிப்பேனா, தெரியாது.
ஆனால் கிடங்குச் சாவி அவளிடமே இருக்கட்டும்.
ஒரு கோடு எவ்வளவு பசிக்கும் என்று
அவளுக்குத் தெரியும்.
உங்கள் ஊரிலிருந்து ஒருத்தரை அனுப்பினால்
அவர் அதை எங்கள் வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்."
உட்கார்ந்தாள். செருப்பைப் பார்த்தாள்.

ஃபைனெஸ் நன்றி சொல்லவில்லை.
அவள் அழுததாக இப்போது சிலர் சொல்கிறார்கள்.
இல்லை. சன்னலில் ஓணான் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது,
அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்சேபணை: இல்லை என்று எழுதினேன்.
"அந்தப் பெரிய கட்டம் காலியாக இருக்கிறதே" என்றார் இளையவர்.
எண்பத்து மூன்று வீடுகள் என்று எழுதிக் கொடுத்தேன்.
"கிளைச் சபையின் அளவா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

இரவு விளக்கு வைத்துப்
பழைய ஏட்டில் அந்தப் பட்டியலைத் தேடினேன்.
என் அழகான கையெழுத்தில், வரிசை எண்ணோடு,
எண்பத்திரண்டு.
அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது.
எஸ்நாத்தின் பெயரை எழுதினேன்.
அதற்குப் பக்கத்தில்
என் பெயரை எழுத
இன்னும் கை வரவில்லை.